வாழையின் தண்டு எங்கே இருக்கிறது

வெட்டும் அறைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, கத்தியை எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு ஆள் போட்டிருக்கிறார்கள், சம்பளமும் கொடுக்கிறார்கள். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவள். மைசூரில் இதே திசு வளர்ப்புக் கூடத்தில் செடிகளின் நுனியை வெட்டிப் பாட்டிலில் வளர்த்து, ஒன்றை நூறாக்கி அனுப்பியே காலத்தைக் கழித்தவள். கை பழகிவிடும், பயப்படாதீர்கள். எங்கே நிறுத்துவது என்பதுதான் பழகாது. அதைப் பற்றி மட்டும் ஒரு சம்பவம் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். தண்டு என்ற பொருளைப் பார்த்து எனக்கு இன்றுவரை ஆச்சரியம் தீரவில்லை. இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமும் இல்லை. உருளைக்கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மண்ணுக்குள் இருப்பதால் வேர் என்று நினைப்போம், ஆனால் அதன் மேல் கண் இருக்கிறது. கண் இருந்தால் அது தண்டு. இஞ்சி, படுத்துக்கொண்டு சாப்பாட்டைச் சேர்த்துவைக்கிற தண்டு. வல்லாரையில் தண்டு தரையோடு ஓடிப்போய் அங்கங்கே வேர்விட்டுக் குடித்தனம் வைக்கிறது. சப்பாத்திக்கள்ளியில் இலையெல்லாம் முள்ளாகிவிட்டதால் தண்டே தட்டையாகி இலையின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. காகிதப்பூச் செடியில் அது முள்ளாகிக் காவல் நிற்கிறது, பிரண்டையில் சுருளாகிப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே உறுப்பு, எந்த வேலையைக் கொடுத்தாலும் அந்த உருவத்துக்கு மாறிக்கொள்கிறது. நம்மில் சிலருக்கு மேசையை மாற்றிப் போட்டாலே ஒரு வாரம் முகம் தூக்கிக்கொள்கிறது.

இவற்றில் ஊரையே ஏமாற்றுவது வாழை. மரம் என்று சொல்லி அணைத்துப் பிடிக்கிறோமே, அது மரமுமில்லை, தண்டுமில்லை. இலைகளின் அடிப்பாகம் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு நிற்பது அது. உண்மையான தண்டு மண்ணுக்குள் குட்டையாக, கிழங்காக ஒளிந்திருக்கிறது. பூக்கும் காலம் வந்தால்தான் அதன் நுனி எழுந்து, அந்தச் சுருளின் நடுவே யாருக்கும் தெரியாமல் ஏறி, குலையாக வெளியே எட்டிப் பார்க்கும். நாம் பொரியல் செய்கிற வாழைத்தண்டு அப்படி ஏறிய பகுதிதான். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பாடப்புத்தகத்தின் தண்டும் பஸ்ஸில் வருகிறவரின் தண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தால் ஒரு குடும்பமே உடையப் பார்த்தது.

நஞ்சன்கூட்டுக்கு அந்தப் பக்கம் மாதேவன் என்று ஒரு விவசாயி இருந்தார். சொந்த ஊர் கௌதள்ளி. அப்பா காலத்தில் இந்தப் பக்கம் வந்து நிலம் வாங்கிய தமிழ்க் குடும்பம். கீழ்க்காடு மாதேவனுக்கு, மேட்டுக்காடு தம்பி சித்தராஜுவுக்கு என்று வாய்ப்பேச்சில் பிரித்திருந்தார்கள், பத்திரத்தில் பிரிக்கவில்லை. கீழ்க்காட்டில் மாதேவன் நஞ்சன்கூட்டுக்கே பேர்போன ரசபாளெ ரக வாழை வைத்திருந்தார். அந்தப் பழத்தின் வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாடல் நோய் வந்து தோட்டம் வரிசை வரிசையாக மஞ்சளாகிச் சாய்ந்தது. அந்தப் பெயரில் வெளியே கன்று வாங்கி ஒரு தடவை நட்டும் பார்த்தார். குலை தள்ளிய பிறகு பார்த்தால் பழம் வேறு. கடைசியில் தோட்டத்து மூலையில் ஒரே ஒரு தாய்மரமும் அதன் காலடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கன்றும் மிஞ்சின.

சித்தராஜு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். மனை போடுகிறவர்கள் வந்து இரண்டு காட்டையும் சேர்த்துக் கேட்டார்கள். கொடுத்தால் மொத்தமாகக் கொடுக்க வேண்டும், ஒன்று மட்டும் வேண்டாம் என்றார்கள். அவனுக்குக் கொடுத்துவிட ஆசை, அண்ணனுக்கு உயிரே போனாலும் மனசில்லை. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்தக் கன்றிலிருந்து எங்கள் கூடத்தில் நோயில்லாத செடி வந்தால் நிலம் இருக்கும், வராவிட்டால் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிடுவார். எங்களிடமும் அப்போது அந்த ரகத்துக்குத் தாய்ச்செடி இல்லாததால் சரி, எடுத்து வாருங்கள் என்றோம்.

கொண்டு வரப்போவது சித்தராஜு என்பதால் எங்கள் மேனேஜர் அவனுக்கே போன் செய்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், செடியைப் பற்றி நிறையப் படித்தவர், நல்ல மனிதர். நான் பக்கத்தில்தான் நின்றேன். "நமக்குத் தண்டு மட்டும் போதும். எலெ எல்லாம் வேண்டாம், மண்ணும் வரக்கூடாது. ஜோப்பானவா கொண்டு வாங்க, ஆய்த்தா?" என்றார். பத்திரமாக என்பதற்கு எங்கள் ஊரில் ஜோப்பானம்தான், சரியா என்பதற்கு ஆய்த்தா. ஒவ்வொரு வார்த்தையும் சரியானது, எனக்கும் அதில் ஒன்றும் உறுத்தவில்லை.

மறுநாள் காலையில் சித்தராஜு வந்தான். வேட்டித் துணியில் சுற்றிய நீளமான கட்டு ஒன்றைக் குழந்தையைப் போல இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தான்.

"அக்கா, சார் சொன்னபடியே கொண்டாந்திருக்கேன். ஒரு துளி மண்ணு இல்ல. ஈரத்துணி போட்டுத் தொடச்சுகூட வெச்சிருக்கேன்."

துணியைப் பிரித்தேன். இலைகளை நறுக்கிவிட்டு, பச்சையாக, நேராக, பளபளவென்று ஒரு வாழைக் கன்று. அடியில் தரையோடு தரையாக ஒரே வெட்டு. வெட்டிய இடத்தில் வட்ட வட்டமாக இலைச்சுருள் தெரிந்தது.

"கெழங்கு எங்கப்பா?"

"கெழங்கா? அது மண்ணுக்குள்ள இருக்கு. தண்டுதானே கேட்டீங்க?"

"நடுறதுக்குக் கன்னு எடுத்தா கெழங்கோடதானே எடுப்பீங்க?"

"நடுறதுக்குன்னா அப்படித்தான்க்கா. இது லேபு. பாட்டிலுக்குள்ள வெச்சு என்னமோ பண்றீங்க, தண்டே போதும்போலன்னு நெனச்சேன். நேத்து சாயந்தரம் ஷிப்ட் முடிஞ்சு போய் நானே வெட்டினேன். அண்ணனுக்குக்கூடத் தொந்தரவு குடுக்கல."

அவன் முகத்தைப் பார்த்தேன். விற்க ஆசைப்படுகிறவன், கன்றை வெட்டியவன். சந்தேகம் எனக்கும் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வேண்டுமென்று அழித்தவன் ஈரத்துணி போட்டுத் துடைத்திருக்கமாட்டான் என்றும் பட்டது. அதற்குள் அவன் போன் அடித்தது. அண்ணன். அவன் அதை என்னிடமே நீட்டிவிட்டான்.

"அம்மிணி, கன்னு மொட்டையா நிக்குதுங்க. வேணும்னே பண்ணிட்டான். தாய்மரமும் நேத்தே மஞ்சளாயிருச்சு. இனி என்னத்துக்குங்க? எல்லாத்தையும் தோண்டிக் கொளுத்திப்போட்டு, சாயந்தரம் கையெழுத்துப் போட்டறேன்."

இந்த இடத்தில் உங்களில் யாராவது இருந்திருந்தால் அண்ணன் தம்பி சண்டையைத் தீர்க்கப் போயிருப்பீர்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. பூக்கிற வயதுக்கு வராத கன்று அது. நுனி இன்னும் மேலே ஏறியிருக்காது, மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். வெட்டுப்பட்டது இலை மட்டும்தான்.

"தோண்டாதீங்க, அண்ணா. நாங்க வர்ற வரைக்கும் அது பக்கத்துலயே உக்காருங்க. வெட்டின எடத்துக்கு நடுவுல என்ன நடக்குதுன்னு பாத்துட்டே இருங்க."

நானும் சித்தராஜுவும் பஸ் பிடித்துப் போனோம். போய்ச் சேர்ந்தபோது மாதேவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தம்பியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கையால் மட்டும் காட்டினார்.

வெட்டுப்பட்ட கன்று தட்டையாக நின்றது. வெளி வட்டங்கள் காய்ந்து பழுப்பாகியிருந்தன. நடுவில் மட்டும் வெளிறிய பச்சையில் ஒரு சுருள், என் சுண்டுவிரல் உயரத்துக்கு, வெட்டைத் தாண்டி எழுந்து நின்றது. ஓர் இரவுக்குள் வந்தது அது. மேலே இருந்ததையெல்லாம் இழந்ததற்கு எந்த அடையாளமும் அதனிடம் இல்லை. எத்தனையோ முறை பார்த்ததுதான், ஆனாலும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

"இதப் பாக்காதவனில்லைங்க நான். எத்தனையோ வெட்டியிருக்கறேன், எத்தனையோ மொளச்சிருக்குது," என்றார் மாதேவன். "உக்காந்து பாத்தது இன்னிக்குத்தான். கண்ணுக்கு முன்னாலயே ஏறுதுங்க."

சித்தராஜு மண்டியிட்டு அந்தச் சுருளைத் தொடப்போனான். "கைய எடுடா," என்றார் அண்ணன்.

நான் மேனேஜருக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, நேற்று என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னார். தண்டு மட்டும் போதும், இலை வேண்டாம், மண் வேண்டாம். மாதேவன் குழம்பிப்போனார்.

"அப்ப அவரு தண்டுன்னு எதங்க சொல்றாரு?"

"கெழங்கத்தான், அண்ணா. படிச்சவங்க பேச்சுல அதுதான் தண்டு."

"அப்ப நாங்க தண்டுன்னு சொல்றது?"

"எலை. சுருட்டி வெச்ச எலை."

அவர் எழுந்து, பக்கத்தில் மஞ்சளாகி நின்ற தாய்மரத்தின் பட்டை ஒன்றை உரித்துப் பார்த்தார். அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. வாழ்நாள் முழுதும் வாழை வைத்த மனிதர் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பாமலே, "மம்முட்டி எடுத்தாடா," என்றார். மன்னிப்பு என்று தனியாக ஒன்றும் அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை போலும்.

கிழங்கைச் சேதமில்லாமல் தோண்டி எடுத்தோம். ஓரத்தில் ஒரு சீவு சீவினேன். அங்கேதான் அடுத்த இடி. வெள்ளையாக இருக்க வேண்டிய சதையில் செம்பழுப்புப் புள்ளிகள், கோடுகள். வாடல் நோய் இதற்குள்ளும் வந்துவிட்டது. மாதேவனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிவப்பை அவர் தோட்டம் முழுக்கப் பார்த்தவர்.

நோய் தெரிகிற கிழங்கை அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் விதி. நல்ல விதி, நீங்களும் மீறாதீர்கள். ஒரு கிழங்குக்காக அறை முழுக்க இருக்கிற மற்றவர்களின் செடியைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை. மேனேஜரிடம் சொன்னேன். "வேண்டவே வேண்டாம்க்கா," என்றார். அறைக்குள் வேண்டாம், பின்னால் இருக்கிற பழைய கொட்டகையில் தனிக் கத்தி, தனி மேசை, பாட்டில்களுக்கும் தனி அலமாரி, அங்கே வேலை செய்கிற உடையோடு அறைக்குள் நுழையமாட்டேன் என்றேன். "கொண்டு வாங்க. லென்ஸ் நான் புடிக்கறேன்," என்றார்.

கொட்டகையில் உட்கார்ந்து சீவத் தொடங்கினேன். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நோய் கிழங்கின் அடியிலிருந்து நீர்க்குழாய்கள் வழியாக மேலே ஏறுகிறது. தண்டின் உச்சி நுனியில் அந்தக் குழாய்கள் இன்னும் உருவாகவே இல்லை. குழாய் இல்லாத இடத்துக்கு நோய் எப்படி ஏறும்? அதனால் நுனியை நெருங்க நெருங்கச் சுத்தம். ஆனால் நெருங்க நெருங்கத் துண்டும் சின்னதாகிறது. சின்னத் துண்டு பாட்டிலில் பிழைப்பது கஷ்டம், பெரிய துண்டில் நோய் கூட வரும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது? அதை எந்த இயந்திரமும் சொல்லாது. கத்தி உங்கள் கையில் இருக்கிறது, செடி ஒன்றுதான் இருக்கிறது.

சீவினேன். சிவப்புக் கோடு. இன்னும் சீவினேன். கோடு புள்ளியானது. "இப்பவும் இருக்கு," என்றார் மேனேஜர் லென்ஸைப் பிடித்தபடி. இலைச்சுருளைப் பக்கத்துக்கு ஒன்றாக உரித்துக்கொண்டே போனேன். தேங்காய் அளவு இருந்த கிழங்கு எலுமிச்சை அளவானது, பிறகு புளியங்கொட்டை அளவு. வெள்ளை வந்தது. கண்ணுக்குச் சுத்தமான வெள்ளை. இங்கே நிறுத்தினால் பிழைக்க நல்ல வாய்ப்பு. "சாக்குக்கா," என்றார் மேனேஜர். கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். எனக்கும் கை நிற்கத்தான் ஆசைப்பட்டது. ஆனால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவதில் குழாய் இருக்கும், குழாய் இருந்தால் நோய் இருக்கலாம். அந்த ஆசையைத்தான் நான் நம்பவில்லை. இன்னும் ஒரு சீவு உள்ளே போனேன்.

மிஞ்சியது துவரம்பருப்பு அளவு. அதன் உச்சியில் பளிங்குபோல் ஒரு சின்ன மேடு. ஆள் உயரத்துக்கு வளர்கிற வாழைக்கு, அத்தனை இலைக்கும், குலைக்கும், வாசனைக்கும் பிறந்த வீடு அது. லென்ஸில் அதை மேனேஜரும் நானும் மாறி மாறிப் பார்த்தோம்.

அதையும் நடுவில் இரண்டாகப் பிளந்தேன். உச்சி ஒன்றாக இருந்தால் தானே மேலே போகப் பார்க்கும், பிளந்தால் பக்கத்தில் பல முளை விடும். அது நாங்கள் எப்போதும் செய்வது. ஆனால் அன்றைக்குக் கத்தியை வைக்கும்போது சாமி கும்பிட்டுக்கொண்டேன்.

இரண்டு பாட்டில்கள் தனி அலமாரியில் உட்கார்ந்தன. இரண்டு பாதியும் முதலில் கறுத்தன. வாழை அப்படித்தான், கறுத்துப் பயமுறுத்தும். பிறகு ஒரு காலையில் ஒரு பாட்டிலில் வெள்ளைப் பஞ்சு. நோய்ப் பூஞ்சை. அத்தனை உள்ளே போயும் அந்தப் பாதியில் அது இருந்திருக்கிறது. திறக்காமல் கொண்டுபோய் அவித்து அழித்தோம். தான் சாக்கு என்று சொன்ன இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் இரண்டுமே போயிருக்கும் என்று மேனேஜர்தான் சொன்னார். அவருக்கு அந்தப் பெருந்தன்மை உண்டு. மாதேவன் போன் செய்தபோதெல்லாம், "ஒண்ணு போச்சு, ஒண்ணு இருக்கு, அதுக்கு மேல எனக்குத் தெரியாது," என்றுதான் சொன்னேன். நம்பிக்கை கொடுப்பது நம் வேலையில்லை.

இன்னொரு பாதி பச்சையானது. வீங்கியது. அதன் ஓரத்தில் அரிசி நுனி அளவுக்கு ஒரு முளை, பக்கத்தில் இன்னொன்று. அவற்றைப் பிரித்து வைத்தேன், அவையும் முளைத்தன. நோய் இருக்கிறதா என்று மறுபடி மறுபடி சோதித்தோம், இல்லை. பாட்டில்கள் தட்டு தட்டாக நிறைந்தன. வேர்விட்டு, நிழல்வலைக்குள் மண்ணுக்கு மாறி, முழ உயரத்துக்குக் கன்றுகள் வந்து நின்றன.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரு சின்ன வண்டி பிடித்துக்கொண்டு வந்தார்கள். நிழல்வலைக்குள் நுழைந்ததும் மாதேவன் செருப்பைக் கழற்றிவிட்டார். நாங்கள் யாரும் கழற்றச் சொல்லவில்லை. வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதுல நம்ம கன்னு எதுங்க?"

"எல்லாமே அதுதான், அண்ணா. இது அதோட பிள்ளைகூட இல்ல. அந்த ஒரு கன்னுதான் இத்தனை எடத்துல நிக்குது."

அவர் குனிந்தார். ஒரு கன்றின் இலையைப் புறங்கையால் தடவினார். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் கன்றைக் கொடுத்துவிட்டு உண்மையைக் கொடுக்காமல் அனுப்புவது இந்தத் தொழிலில் பெரிய பாவம். அதனால் சொன்னேன்.

"கன்னு சுத்தமா இருக்கு, அண்ணா. ஆனா கீழ்க்காட்டுல வெக்காதீங்க. அந்த நோய் மண்ணுலயே வருசக்கணக்கா உக்காந்திருக்கும். வெச்சா இதுவும் போயிரும். வாழையே பாக்காத மண்ணு வேணும்."

மாதேவன் கை இலையிலேயே நின்றுவிட்டது. அவரிடம் வேறு மண் இல்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கன்று வந்தால் நிலம் இருக்கும் என்றுதான் பேச்சு. தம்பியின் பங்கில் நடலாம் என்று அந்தப் பேச்சில் இல்லை. அதைக் கேட்கிற மனிதரும் அவர் இல்லை.

சித்தராஜு ஒரு கன்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றிருந்தான்.

"மேட்டுக்காட்ல வெக்கலாம்ண்ணா. ராகி அறுத்தாச்சு, காலியாத்தானே கெடக்கு."

"அது உன் பங்குடா."

"ஆமா. என் பங்குங்கறதாலதான் நான் சொல்றேன். அந்தப் பக்கம் புடிண்ணா, கனமா இருக்கு."